அமரவிளையில் எரிந்த டயல் விளக்கு: வால்வு ரேடியோ குறித்த ஒரு சிறு ஆய்வு

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலர் கேட்கும்போதெல்லாம் சிதறால் மலையைப் பற்றித்தான் எழுதித் தருவது என் வழக்கம். பக்கத்தில் இருக்கிற மலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ள மலை. நம் தீர்த்தங்கரர்களைப் பாறையில் புடைப்பாகச் செதுக்கி வைத்திருக்கிற மலை. சமணனாகிய நான் அதை எழுதாமல் வேறு யார் எழுதுவார் என்ற எண்ணமும் உண்டு. ஆனால் இந்த முறை எழுத வந்தது வேறு பொருள். சென்ற ஆண்டு நம் அன்பர் ஒருவர் வீட்டில் நடந்த ஒரு காரியம்தான் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் வீடுகளில் பலவற்றில் தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒன்று இருக்கும். பரண் மேலோ, நெல் போட்டு வைத்த பத்தாயத்துப் பக்கத்திலோ கிடந்ததை, இப்போது பிள்ளைகள் துடைத்து வரவேற்பறையில் வைக்கிறார்கள். பாடுகிறதோ இல்லையோ, அந்தக் கண்ணாடி டயலில் விளக்கு எரிந்தால் போதும் என்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். அந்த விளக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரியாமல் கை வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது.

விளக்கு வந்த கதை

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் மாகாண ரேடியோ கிளப் 1924-ல் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிகளில் டயல் விளக்கு கிடையாது. முகப்பில் ஒரு கருப்புக் குமிழ், அதைச் சுற்றி 0 முதல் 100 வரை எண்கள், அவ்வளவுதான். எந்த எண்ணில் எந்த நிலையம் என்று சொந்தக்காரர் ஒரு தாளில் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். பெட்டி பேட்டரியில் ஓடியது. பேட்டரியில் விளக்கு எரிப்பது ஊதாரித்தனம்.

வீட்டுக் கரண்டில் ஓடும் பெட்டிகள் 1920-களின் இறுதியில் பரவிய பிறகுதான் விளக்கு உள்ளே வந்தது. வால்வின் இழையைச் சூடாக்க டிரான்ஸ்பார்மரில் ஏற்கனவே தாழ்ந்த வோல்ட் சுற்று ஒன்று உண்டு. அதில் இரண்டு கம்பியைச் சேர்த்து ஒரு குட்டிப் பல்பை மாட்டுவதற்குக் காலணாச் செலவுதான். ஐரோப்பிய வால்வுகளில் 4 வோல்ட், அமெரிக்க வால்வுகளில் 2.5 வோல்ட் என்றிருந்த வழக்கம், 1930-களின் நடுவில் 6.3 வோல்ட் என்று மாறி நிலைபெற்றது. ஏன் இந்த விசித்திரமான 6.3? மோட்டார் காரில் ரேடியோ வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போதைய கார் பேட்டரியின் வோல்ட் அதுதான். இன்றைக்கும் பழைய டயல் பல்பின் பித்தளைக் கழுத்தில் 6.3 என்று பொறித்திருப்பதைக் காணலாம்.

விளக்கு வந்ததும் எண்கள் போய், கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் வந்தன. இது சாதாரண மாற்றம் அல்ல. ஒரு குக்கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து, லண்டன், டெல்லி, லாகூர், டாக்கா என்ற எழுத்துகள் மஞ்சள் வெளிச்சத்தில் தெரிய, முள்ளை நகர்த்திக் கொண்டு போகலாம். 1947-ல் நாடு விடுதலை பெற்றபோது அகில இந்திய வானொலிக்கு மிஞ்சியவை ஆறே நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, லக்னோ. லாகூரும் பெஷாவரும் டாக்காவும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. ஆனால் பழைய பெட்டியின் கண்ணாடியில் அவை அப்படியே இருந்தன. தேசப்படம் மாறினால் டயலை யார் மாற்றுவார்?

நம் திருவனந்தபுரத்தின் கதையும் இதில் சேர்ந்ததுதான். திருவிதாங்கூர் அரசின் நிலையம் 1943 மார்ச் 12-ல் தொடங்கப்பட்டது. 5 கிலோவாட் சக்தி. சுதேச சமஸ்தானங்கள் நடத்திய ஐந்து நிலையங்களில் அது ஒன்று. மைசூர், ஐதராபாத், அவுரங்காபாத், பரோடா மற்றவை. 1950 ஏப்ரல் 1-ல்தான் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. ஆகவே 1943-க்கு முன் செய்த பெட்டிகளின் டயலில் திருவனந்தபுரம் இராது. உங்கள் வீட்டுப் பெட்டியின் வயதைக் கணக்கிட இது ஒரு வழி. நான் பழம்பொருள் பார்க்கப் போகும் இடங்களில் முதலில் டயலைத்தான் படிப்பேன், கல்வெட்டுப் படிப்பது போல.

கொழும்பு பக்கம், சென்னை தூரம்

அமரவிளை நெய்யாற்றின் கரையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே உள்ள ஊர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் சோதனைச்சாவடியால்தான் தெரியும். லாரிகள் வரிசையாக நிற்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடி போயிற்று, பெயர் மட்டும் நின்றது.

திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம் நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆபீசும் மலையாளம் ஆயின. அதைக் குறை சொல்ல வரவில்லை. மலையாளத்தில் படித்துத்தான் நான் வியாபாரக் கணக்கு எழுதினேன். ஆனால் வீட்டுக்குள் நல்ல தமிழ் காதில் விழ என்ன வழி இருந்தது? ரேடியோதான்.

அதிலும் ஒரு வேடிக்கை. அமரவிளையிலிருந்து சென்னை நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கும் மேல். கொழும்போ சுமார் 350 கிலோமீட்டர்தான். திருச்சியும் ஏறக்குறைய அதே தூரம், ஆனால் அது தரைவழி. மத்திய அலை உப்புக்கடல் மேல் ஓடும்போது தேய்வது குறைவு. காட்டிலும் மலையிலும் ஓடும்போது தேய்வு அதிகம். அதனால் பகலிலேயே இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவது போல் கேட்கும். சென்னை இரவில்தான் வரும், அதுவும் அலைந்து அலைந்து. பொழுது சாய்ந்த பின் வானின் கீழ் அயனி அடுக்கு மறைந்து, மேல் அடுக்கில் பட்டு அலைகள் திரும்பி வருவதே அதற்குக் காரணம்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925-லேயே தொடங்கிவிட்டது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த பெரிய நிலையம் 1949-ல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வர்த்தக சேவை தொடங்கினார்கள். இங்கே 1952-ல் பி. வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஓய்ந்தது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். எஸ். பி. மயில்வாகனன் குரலும், பிறகு கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது குரல்களும், காலையில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சியும் நம் வீடுகளில் குடும்பத்தார் போல் ஆனது இப்படித்தான். 1957 அக்டோபர் 3-ல் விவித்பாரதி தொடங்கிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. 1963-ல் திருநெல்வேலி நிலையமும், 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாக நாகர்கோவில் நிலையமும் வந்த பிறகுதான் இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குத் தூரத்து முள் தேடும் வேலை குறைந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பொழுது போவதற்குள் சாப்பிட்டு விடுவோம். விளக்கில் வந்து விழும் பூச்சி உணவில் விழும், சாகும் என்பதால் இரவுணவு விலக்கு. மழைக்காலத்தில் ஈசல் மொய்க்கும் நாட்களில் பாட்டி சிம்னி விளக்கையும் அணைத்து விடுவார்கள். ஆனால் கரண்டு வந்து ரேடியோ வாங்கிய பிறகு டயல் விளக்கை மட்டும் எரிய விட்டார்கள். "அது கண்ணாடிக்குள்ளே இருக்குதுப்பா, பூச்சி வந்தாலும் சாகாது" என்பது அவர்கள் தீர்ப்பு. ஆகவே எனக்கு நினைவு தெரிந்த நாளில் மழை இரவென்றால் அந்த மஞ்சள் வெளிச்சம் ஒன்றுதான். அதிலேயே எழுத்துக் கூட்டிக் 'கொழும்பு' என்று ஆங்கிலத்தில் படித்தேன்.

கரண்டு இல்லாத வீட்டு ரேடியோ

பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-ல் இயங்கத் தொடங்கினாலும் உள்கிராமங்களுக்குக் கம்பி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை பேட்டரி வால்வு ரேடியோதான். செங்கல் போன்ற பேட்டரிப் பொட்டலம்: உள்ளே 90 வோல்ட் ஒரு பக்கம், 1.5 வோல்ட் ஒரு பக்கம்.

அந்தப் பெட்டிகளில் டயல் விளக்கு ஏன் இல்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் தெரியும். டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96 ஆகிய மூன்று வால்வுகளின் இழைக்கும் தலா 25 மில்லி ஆம்பியர், டிஎல்96-க்கு 50. மொத்தம் 125 மில்லி ஆம்பியர். ஒரு சாதாரண டயல் பல்பு மட்டும் 150 கேட்கும். வீட்டார் சாப்பாட்டைவிட விருந்தாளி ஒருவன் சாப்பாடு அதிகம். அதனால் டார்ச் லைட்டை டயல் மேல் அடித்துப் பார்த்துத்தான் நிலையம் பிடித்தார்கள். இத்தகைய பெட்டிக்கு இன்று விளக்கு வேண்டுமானால் தனியாக இரண்டு பென்சில் செல், ஒரு டார்ச் பல்பு, ஒரு சிறு சுவிட்ச் போதும். பெட்டியின் மின்சுற்றில் கை வைக்கவே வேண்டாம்.

அன்பர் வீட்டில் நடந்தது

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். அன்பரின் மகன் படித்த பையன், கெட்டிக்காரன். தாத்தாவின் ரேடியோவில் ஒரு டயல் பல்பு சேர்த்தான். பித்தளை ஹோல்டரைத் தகட்டுச் சேசிஸில் திருகி, அதன் திருகு முனை பின்பக்க அட்டைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக் கொண்டிருந்தது. விளக்கு அழகாக எரிந்தது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்த அவன் தாயாருக்கு ஷாக் அடித்துக் கை உதறியது. தெய்வாதீனமாக மரப்பலகை மேல் நின்றிருந்தார்கள். "சுவிட்சை அணைத்துத்தானே துடைத்தேன்" என்றார்கள். உண்மைதான், அணைத்திருந்தார்கள்.

அது டிரான்ஸ்பார்மர் இல்லாத 'ஏசி/டிசி' வகைப் பெட்டி. சில ஊர்களில் நேர்மின்சாரமும் சில ஊர்களில் மாறுமின்சாரமும் இருந்த காலத்தில் இரண்டிலும் ஓடும்படி செய்தது. டிரான்ஸ்பார்மர் நேர்மின்சாரத்தில் வேலை செய்யாது. ஆகவே அதை எடுத்துவிட்டு, எல்லா வால்வு இழைகளையும் ஒரே மாலையாகக் கோத்து நேரே வீட்டுக் கரண்டில் மாட்டினார்கள். யுசிஎச்42-க்கு 14 வோல்ட், யுஎஃப்41-க்கு 12.6, யுபிசி41-க்கு 14, யுஎல்41-க்கு 45, யுஒய்41-க்கு 31, கூட்டினால் 116.6 வோல்ட். நம் 230 வோல்ட்டில் மீதி 113.4 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வெப்பமாக எரித்துத் தீர்க்கிறது. எல்லாவற்றிலும் ஓடுவது அதே 100 மில்லி ஆம்பியர். அப்படியானால் சுமார் 11 வாட் சூடு. இவ்வகையில் பெட்டியின் இரும்புச் சேசிஸ் கரண்டின் ஒரு கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். பழைய இரண்டு பின் பிளக்கை எப்படியும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் சேசிஸ் நியூட்ரல். திருப்பிச் செருகினால் சேசிஸ் முழு 230 வோல்ட். இன்னொன்றும் உண்டு. சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் வெட்டுவது. அது நியூட்ரலை வெட்டியிருந்தால், அணைத்த பிறகும் வால்வு இழைகள் வழியாகச் சேசிஸில் கரண்டு நிற்கும். அந்த அம்மையாருக்கு நடந்தது இதுதான்.

பழைய கம்பெனிக்காரர்கள் இதை அறிந்தே குமிழை பேக்கலைட்டில் செய்து, குமிழின் திருகை மெழுகால் மூடி, பின்பக்கம் முழு அட்டை போட்டு மறைத்தார்கள். அந்த மூடிய கோட்டைக்கு ஒரு பித்தளைத் திருகால் வாசல் வைத்துவிட்டான் பையன்.

விளக்குப் போட விரும்புவோர்க்கு

நான் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்துப் பிழைத்தவன், இன்ஜினியர் அல்லன். கடைக்கு வந்த மெக்கானிக்குகளிடம் கேட்டும், பழைய புத்தகங்களைப் புரட்டியும், சிலவற்றைக் கெடுத்தும் கற்றதைச் சொல்கிறேன். கெடுத்ததில் ஒன்று: இளம் வயதில் ஒரு பெட்டிக்குள் 'ஜீரோ வாட்' பல்பு மாட்டினேன். பெயர்தான் ஜீரோ, உண்மையில் சுமார் 15 வாட் தின்னும். ஒரே வாரத்தில் பிளாஸ்டிக் டயல் அப்பளம் போல் வளைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய தண்டனை.

முதலில் பெட்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். பிளக்கை முழுவதும் உருவிவிட்டு, பின் அட்டையைக் கழற்றி, கனத்த இரும்புத் தகடுகள் அடுக்கிய டிரான்ஸ்பார்மர் உண்டா என்று பாருங்கள். ஸ்பீக்கர் மேல் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மரைப் பார்த்து ஏமாறக் கூடாது; அது வேறு. பெரியது இருந்தாலும் அதில் ஒரே சுற்றாகச் சுற்றிய ஆட்டோ வகை உண்டு, அதிலும் சேசிஸ் கரண்டோடு சேர்ந்தே இருக்கும். வால்வுகளின் பெயர் 'யு'வில் தொடங்கினால் மாலைக் கோப்பு. 'ஈ'யில் தொடங்கினால் பெரும்பாலும் 6.3 வோல்ட். உருவிய பிளக்கின் இரண்டு பின்களுக்கும் சேசிஸுக்கும் இடையே ரேடியோ சுவிட்சைப் போட்ட நிலையில் மீட்டரால் அளந்து பார்த்தால் ஐயம் தீரும். உள்ளே தொடுமுன் பெரிய கண்டென்சரில் தேங்கிய கரண்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட வேண்டும். 250, 300 வோல்ட் அதில் நிற்கும், பிளக்கை உருவினாலும்.

டிரான்ஸ்பார்மர் பெட்டி என்றால் வேலை எளிது. ஹீட்டர் சுற்றிலிருந்து இரண்டு கம்பி முறுக்கி எடுத்து 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர் பல்பு ஒன்று மாட்டலாம். ஏன் சிறிய பல்பு? ஈசிஎச்81, இஎஃப்89, இஏபிசி80, இஎல்84, இஇசட்80 உள்ள பெட்டியில் ஹீட்டர்களே 2.31 ஆம்பியர் எடுக்கின்றன. 0.15 சேர்ந்தால் சுமை நூற்றுக்கு ஆறேழு பங்கு கூடும், தாங்கும். 0.3 ஆம்பியர் பல்பு இரண்டு மாட்டினால் நாலில் ஒரு பங்கு கூடிவிடும். ஐம்பது அறுபது வயதான டிரான்ஸ்பார்மரை அப்படிச் சோதிக்க வேண்டாம். சில பெட்டிகளில் ஹீட்டர் சுற்றின் நடுப்புள்ளியைச் சேசிஸில் சேர்த்திருப்பார்கள். அதில் ஹோல்டரின் உலோகம் சேசிஸைத் தொட்டால் பாதிச் சுற்று ஷார்ட். எனவே ஹோல்டரை எப்போதும் தனிமைப்படுத்தி மாட்டுவதே நலம். கம்பியை வால்யூம் குமிழ்ப் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஓசையில் 'ஹம்' சேரும்.

ஏசி/டிசி பெட்டியில் ஏற்கனவே விளக்கு இருந்தால் அதே வோல்ட், அதே ஆம்பியர் பல்பைத்தான் போட வேண்டும். மாலையில் அதுவும் ஒரு மணி. அது போனால் ரேடியோவே நின்றுவிடும் வகை உண்டு. அங்கே எல்இடி பல்பைச் செருகினால் எல்இடி போகும், அல்லது ரேடியோ பாடாது. விளக்கே இல்லாத பெட்டியில் புதிதாக வேண்டுமென்றால் உள்ளிருந்து ஒரு கம்பியும் எடுக்காதீர்கள். செல்லில் எரியும் சின்ன எல்இடியை, பிளாஸ்டிக் ஹோல்டரில், மரப்பெட்டியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். சேசிஸைத் தொடக் கூடாது. வெளியே கை படும் சுவிட்ச் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

டிரான்ஸ்பார்மர் பெட்டியில் எல்இடி போட விரும்பினால் மாறுமின்சாரத்துக்கென்று செய்த 6.3 வோல்ட் பல்பைக் கேட்டு வாங்க வேண்டும்; இல்லையேல் மினுக்கும், சில சமயம் ரேடியோவில் கரகரப்பும் வரும். எனக்கு என்னவோ அந்த வெள்ளை வெளிச்சம் பிடிப்பதில்லை. லாகூரும் கொழும்பும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது போல் தெரிகின்றன.

டயல் கண்ணாடியின் எழுத்து பின்பக்கம் சாயத்தால் அச்சிட்டது. சோப்புத் தண்ணீர் பட்டால் ஊர்ப் பெயர்கள் கரைந்து போகும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். ரப்பர் உறை போட்ட பழைய கம்பி தொட்டால் உதிர்கிறது என்றால் விளக்கைப் பற்றிய பேச்சே பிறகு. முதலில் கம்பியை மாற்ற வேண்டும். நெடுநாள் தூங்கிய பெட்டியை நேரே பிளக்கில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டி எழுப்புவது மெக்கானிக்குகள் வழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும்.

அன்பர் வீட்டுப் பெட்டியைப் பிறகு நானும் ஒரு பழைய மெக்கானிக்கும் சேர்ந்து சரி செய்தோம். பித்தளை ஹோல்டரை எடுத்துவிட்டோம். மூன்று செல், ஒரு மஞ்சள் எல்இடி. பின் அட்டைக்குப் புதிதாக நான்கு திருகு. வியாபாரிப் பழக்கம் விடுமா, அட்டையின் உட்புறத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: "டிரான்ஸ்பார்மர் இல்லாத பெட்டி. சேசிஸில் கரண்டு உண்டு. டயல் விளக்கு தனிச் செல்லில். உள்ளே கம்பி எதுவும் சேர்க்கவில்லை." கீழே தேதி. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. அடுத்து அந்த அட்டையைக் கழற்றுகிறவர் எந்த மொழி படித்தவராக இருப்பார் என்று யார் கண்டது.